‘இஷ் பின்’ சொல்ல வராத சிஷ்யை

குருவுக்கு வயது இருபத்தேழு. சிஷ்யைக்கு நாற்பத்துமூன்று. என்ன செய்ய, இந்தக் கதை அப்படித்தான் வந்து வாய்த்தது. இதில் ஆசிரமம் கிடையாது, ஆலமரமும் கிடையாது. திருச்சி புத்தூரில் ஒரு டயர் கடை, அதற்கு மேல் மாடியில் ஒரு ஜெர்மன் வகுப்பு. ஜெர்மனிக்கு வேலைக்குப் போக நினைத்த நர்ஸுகள் இருபது பேர் அங்கே படித்தார்கள்.

குருவின் பெயர் நிலோஃபர். ஜெர்மனியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவள். சிஷ்யையின் பெயர் ஞானசௌந்தரி. குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பாள். சிஷ்யை குருவை ‘மிஸ்’ என்பாள். கேட்பவர்களுக்குத்தான் சிரிப்பு வரும், அவர்கள் இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

ஞானசௌந்தரி லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றவள். நரம்பே தட்டுப்படாத கையிலும் ஒரே குத்தில் ஊசி ஏற்றுவாள். மானிட்டர் கத்துவதற்கு முன்னாலேயே கட்டில் பக்கத்தில் போய் நிற்பாள். அப்பேர்ப்பட்டவள் ஜெர்மன் ஆஸ்பத்திரியின் நேர்காணலில் கோட்டை விட்டாள்.

விட்ட விதத்தைக் கேளுங்கள். வீடியோவில் நேர்காணல். தலைமை நர்ஸம்மா பேசிய வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு பெரிய டாக்டர் வந்து திரையில் உட்கார்ந்தார். இவள் படக்கென்று எழுந்து நின்றுவிட்டாள். டாக்டர் வந்தால் நர்ஸ் எழுந்து நிற்கணும் என்பது இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரிந்தது புடவைக் கொசுவமும் சுவரில் தொங்கிய காலண்டரும்தான். உட்காருங்கள் என்றார் டாக்டர். உட்கார்ந்தாள். அடுத்த கேள்வி கேட்டார். மறுபடியும் எழுந்தாள். நாலு கேள்விக்கு நாலு தரம்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. ‘இவருக்கு வேலை தெரிகிறது. ஆனால் இவர் யார் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. எதைக் கேட்டாலும் நாங்கள் செய்தோம், டாக்டர் செய்தார் என்கிறார். வரும் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறோம். அதற்கு மேல் வாய்ப்பு இல்லை.’

ஞானசௌந்தரி அதைப் படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள். அவளுக்கு ஜெர்மனியின் பனியோ ரயிலோ பெரிதில்லை. அவள் கைபிடித்துக் கற்றுக்கொடுத்த பெண்களில் மூன்று பேர் அவளுக்கு மேலேயே வார்டு இன்சார்ஜ் ஆகிவிட்டார்கள். அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. இவள் கேட்கவில்லை.

“ஒரு தடவையாவது, இது ஞானசௌந்தரி செஞ்ச வேலைன்னு யாராவது சொல்லி என் காதால கேக்கணும் மிஸ்,” என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் அவள் குருவிடம் வந்தாள்.

“மிஸ், ஒரு சந்தேகம்.”

“கேளுங்கக்கா.”

“இந்த ‘ஸைன்’. இருக்கிறதுக்கு ஜெர்மன் வார்த்தைன்னு சொல்லிக் கொடுத்தீங்க. ஆனா நான்னா பின், நீன்னா பிஸ்ட், அவன்னா இஸ்ட், நாங்கன்னா ஸின்ட். இருந்தேன்னா வார், இருந்திருக்கேன்னா கெவேஸன். அம்மா சாயலும் இல்ல, அப்பா சாயலும் இல்ல. ஒரு பிள்ளைக்கு எப்படி மிஸ் இத்தனை மூஞ்சி?”

“அது ஒரு பிள்ளை இல்லக்கா. மூணு குடும்பம்.”

ஞானசௌந்தரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கதை என்றால் அவளுக்கு உயிர்.

“ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தி மூணு வார்த்தை தனித்தனியா குடித்தனம் பண்ணிச்சு,” என்றாள் நிலோஃபர். “ஒண்ணுக்கு அர்த்தம், இருக்கிறது. இஸ்ட், ஸின்ட், ஸைன் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைங்க. இன்னொண்ணுக்கு அர்த்தம், ஒரு இடத்துல தங்கறது, குடியிருக்கிறது. வார், கெவேஸன் அந்த வீடு. மூணாவதுக்கு அர்த்தம், வளர்றது, ஒண்ணா ஆகறது. காலப்போக்குல மூணு குடும்பமும் ஒரே வீட்டுக்குக் குடிவந்து, ஒரே ரேஷன் கார்டு வாங்கிடுச்சு. இப்ப பாக்கறவங்க ஒரே குடும்பம்னு நினைச்சுக்கறாங்க.”

“அடி ஆத்தி! ஜெர்மன்காரனுக்கும் கூட்டுக் குடும்பமா!”

“நமக்கும் தூரத்துச் சொந்தம்தான். ஆஸ்திகன்னு சொல்றோமே, அதுல இருக்கிற ‘அஸ்தி’, அதாவது இருக்குங்கிற வார்த்தையும் இந்த இஸ்ட்டும் பங்காளிங்க. வாசம் பண்றான்னு சொல்றோம்ல, அது வார் வீட்டுக்குச் சொந்தம். பூமிங்கிற வார்த்தையில வர்ற ‘பூ’, மூணாவது வீட்டுக்கு. எல்லாம் வடமொழி வழியா வந்த உறவு.”

“அந்த மூணாவது வீட்டுல யாரு மிஸ் மிச்சம்? வளர்ற வீடு?”

“பின், பிஸ்ட். ரெண்டே ரெண்டு பேர்தான். நானும் நீயும்.”

ஞானசௌந்தரி நோட்டில் அதைக் குறித்துக்கொண்டாள். “அப்ப இஷ் பின்னு சொன்னா, நான் வளர்ந்தேன்னு அர்த்தமா?”

“இன்னைக்கு அர்த்தம் ‘இருக்கேன்’தான். பழைய வேரைத் தோண்டினா அது வரும்,” என்றாள் குரு. “சரி, நீங்க ஒரு தடவை சொல்லுங்க. இஷ் பின் ஷ்வெஸ்டர். நான் நர்ஸ்.”

“வியர் ஸின்ட்...” என்று ஆரம்பித்தாள் சிஷ்யை. நாங்கள்.

“நாங்க இல்லக்கா. நான்.”

சிஷ்யை சிரித்து மழுப்பிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வரும்போதே முகம் பளபளவென்று இருந்தது. முந்தின நாள் ராத்திரி நோட்டைப் புரட்டியதில் ஒரு விஷயம் சிக்கியிருந்தது.

“மிஸ், முடிஞ்சுபோன காரியத்தைச் சொல்லும்போது சில வார்த்தைக்குத் துணையா ஸைன் வருது, சிலதுக்கு ஹாபன், அதான் வெச்சிருக்கிறதுங்கிற வார்த்தை, வருதுன்னு சொன்னீங்கள்ல? நான் பட்டியல் போட்டுப் பாத்தேன். வந்தார், போனார், விழுந்தார், தூங்கிப் போனார், முழிச்சுக்கிட்டார், செத்துப் போனார். எல்லாத்துக்கும் ஸைன். ஊசி போட்டார், ஆபரேஷன் பண்ணினார், கையெழுத்துப் போட்டார், இதுக்கெல்லாம் ஹாபன். அப்ப டாக்டர் செய்யறது ஹாபன், நோயாளிக்கு ஆகறது ஸைன். சரியா மிஸ்?”

நிலோஃபர் அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். எட்டு வருஷமாய் இந்த மொழியோடு மல்லுக்கட்டுகிறாள், இப்படி ஒரு வார்டுக்குள் நின்று அதை அவள் பார்த்ததே இல்லை.

“எல்லா வார்த்தைக்கும் ஒத்து வராது. ஆனா சரிதான்க்கா,” என்றாள். “நர்ஸுக்கு எது?”

“நர்ஸுக்கா?” சிஷ்யை விழித்தாள். “நாங்க சும்மா கூட நிக்கிறவங்கதானே மிஸ்.”

அன்றைக்கு ஒத்திகை. நிலோஃபர் ஒரு சார்ஜர் ஒயரை எடுத்து ஸ்டெதாஸ்கோப் மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு பெரிய டாக்டராக உள்ளே வந்தாள். ஞானசௌந்தரி எழுந்து நின்றாள். மறுபடி வந்தாள். மறுபடி நின்றாள். ஒயரைக் கழற்றிவிட்டு வெறும் கழுத்தோடு வந்தாள். அப்போதும் நின்றாள். கடைசியில் குரு தன் துப்பட்டாவை எடுத்துச் சிஷ்யையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள். ‘குட்டன் டாக்’ என்று டாக்டர் வணக்கம் சொன்னார். ஞானசௌந்தரி நாற்காலியோடு எழுந்து நின்றாள்.

வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். பிறகு அந்தத் தண்ணீர் நிற்கவில்லை.

நிலோஃபர் மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு முடிச்சை அவிழ்த்தாள்.

“வார்டுல நடந்தது ஏதாவது ஒண்ணு சொல்லுங்கக்கா. தமிழ்லயே சொல்லுங்க.”

“போன வருஷம் ஒருத்தர், மிஸ். பொட்டாசியம் குறைஞ்சுபோச்சு. அந்த மருந்தைக் கலக்காம நேரா நரம்புல ஏத்தச் சொல்லி போன்ல உத்தரவு வந்திருச்சு. அப்படி ஏத்தினா இதயம் நின்னுடும். அப்புறம் டாக்டர் சார் அதைச் சரிபண்ணிட்டார். நாங்க எல்லாருமா சேந்து காப்பாத்திட்டோம்.”

“ஊசி யார் கையில இருந்துச்சு?”

“என் கையில.”

“டாக்டர் எங்க இருந்தார்?”

“கான்டீன்ல.”

“அப்ப நிறுத்தினது யாரு?”

ஞானசௌந்தரி புடவை நுனியைத் திருகினாள். “நான் திரும்ப போன் போட்டேன். சார், நீங்க சொன்னது இப்படியா, இல்ல எனக்குத்தான் தப்பா காதுல விழுந்துச்சான்னு கேட்டேன்.”

“தப்பா விழுந்துச்சா?”

“இல்ல மிஸ். நல்லாத்தான் விழுந்துச்சு.”

“பின்ன?”

“அப்படித்தான் கேக்கணும் மிஸ். எங்க ஆஸ்பத்திரியில எல்லா சிஸ்டரும் அப்படித்தான் கேப்போம். பெரியவங்களைத் தப்புன்னு சொல்லக் கூடாது. நம்ம காதுமேல பழியைப் போட்டுக்கணும். அவங்களே திருத்திக்குவாங்க.”

“அந்த நோயாளி?”

“நல்லா இருக்கார். பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்து டாக்டர் சாருக்கு வெச்சுட்டுப் போனார்.”

“உங்களுக்கு?”

“எனக்கு எதுக்கு மிஸ்?”

அதைச் சொன்ன வேகத்திலேயே தெரிந்தது, அவள் அந்தப் பத்திரிகையை எதிர்பார்த்திருக்கிறாள் என்று. நிலோஃபருக்குக் கோபம் கோபமாய் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

“இதை ஜெர்மன்ல சொல்லுங்க. இஷ்னு ஆரம்பிங்க.”

“வேணாம் மிஸ். நிறைகுடம் தளும்பாது.”

“தளும்ப வேணாம்க்கா. குடம்னு ஒண்ணு இருக்கிறதாவது தெரிய வேணாமா?”

சிஷ்யை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். புதன்கிழமை வகுப்புக்கு வரவே இல்லை.

வியாழக்கிழமை வந்தாள், அரை மணி நேரம் தாமதமாக. வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் வந்தாள். மிஸ், எனக்கு இது சரிப்பட்டு வராது, வெள்ளிக்கிழமை வேறு யாருக்காவது அந்த நேரத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று படி ஏறும்போதே வாக்கியத்தைக் கோர்த்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே இருந்த பத்தொன்பது நர்ஸுகளும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். நிலோஃபரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

ஞானசௌந்தரி பதறிப்போய்க் கதவோரமாக ஒதுங்கி வழிவிட்டாள். யாரோ பெரிய மனிதர் தனக்குப் பின்னால் வருகிறார் என்று நினைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தாள். படியில் யாரும் இல்லை. எட்டிக் கீழே பார்த்தாள். கீழே டயர் கடைக்காரர் ஒரு பைக் சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“யாரு மிஸ் வந்திருக்கா?” என்றாள் மெதுவாக.

“நீங்கதான்க்கா.”

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தியும் உட்காரவில்லை. முன்வரிசையில் நின்ற பிரசன்னகுமாரி என்ற பெண், ஆறு மாதம் ஞானசௌந்தரியிடம் வார்டில் வேலை கற்றவள், “உக்காருங்க சிஸ்டர், நீங்க உக்காந்தாத்தான் நாங்க உக்கார முடியும்,” என்றாள்.

ஞானசௌந்தரி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் அறை முழுக்க நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கோர்த்துக்கொண்டு வந்த வாக்கியத்தை அவள் அன்றைக்குச் சொல்லவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. மேஜைமேல் மடிக்கணினி. அதற்கு முன்னால் ஞானசௌந்தரி, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில். திரையில் தெரியாதபடி ஓரத்தில் ஒரு ஸ்டூலில் நிலோஃபர். மற்றவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டயர் கடைக்காரர்கூடக் காற்றடிக்கும் மிஷினை நிறுத்திவிட்டார். புண்ணியவான்.

முதலில் தலைமை நர்ஸம்மா வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். ஊர், படிப்பு, குடும்பம் எல்லாம் கேட்டார். ஞானசௌந்தரி சொன்னாள். தப்பும் தவறுமாக இரண்டு மூன்று வந்தன, பாதகம் இல்லை.

பிறகு பெரிய டாக்டர் வந்து உட்கார்ந்தார். அவள் முழங்கால் எழப் பார்த்தது. நிலோஃபர் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது சிஷ்யை உட்கார்ந்துதான் இருந்தாள், இரண்டு கையும் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தன.

டாக்டர் கேட்டார், நிறுத்தி நிறுத்தித் தெளிவாகக் கேட்டார். “ஒரு டாக்டர் தவறான அளவு மருந்தை ஏற்றச் சொல்கிறார். ஊசி உங்கள் கையில் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?”

ஓரத்தில் இருந்த குரு, அக்கா, காதுமேல பழி போட்டுறாதீங்க, என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

ஞானசௌந்தரி திரையை நேராகப் பார்த்தாள்.

“இஷ் ஸாகெ நைன்.” நான் முடியாது என்று சொல்வேன்.

டாக்டர் புருவத்தை உயர்த்தினார். “முடியாதா? அவர் டாக்டர் ஆயிற்றே. நீங்கள் யார் அப்படிச் சொல்ல?”

அவர் சோதித்துப் பார்ப்பதற்காகத்தான் கேட்டார். ஆனால் ஞானசௌந்தரிக்கு அது சோதனையாகத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாய் வர வேண்டிய கோபம் அந்த ஒரு நிமிஷத்தில் வந்தது. கான்டீனில் இருந்துகொண்டு உத்தரவு போட்டவர்மேல் வந்தது, டாக்டருக்குப் பத்திரிகையை நீட்டிவிட்டுத் தன்னைத் தாண்டிப் போனவர்மேல் வந்தது, எனக்குத்தான் தப்பாகக் கேட்டது என்று சொன்ன தன் வாய்மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. கைப்பிடியை விட்டாள். முதுகு நிமிர்ந்தது.

“இஷ் பின் ஷ்வெஸ்டர்,” என்றாள். குரல் நடுங்கவில்லை. “எர் இஸ்ட் ஃபுன்ஃப் மினூட்டன் டா. இஷ் பின் ட்ஸ்வோல்ஃப் ஷ்டுன்டன் டா.”

நான் நர்ஸ். அவர் அங்கே இருப்பது ஐந்து நிமிஷம். நான் அங்கே இருப்பது பன்னிரண்டு மணி நேரம்.

அவ்வளவோடும் அவள் நிறுத்தவில்லை. ஆரம்பித்த பிறகு நிறுத்துவானேன்? பொட்டாசியக் கதையைச் சொன்னாள். இஷ், இஷ் என்று சொன்னாள். ஊசியைப் பிடித்திருந்தது என் கை. ஏற்ற மாட்டேன் என்று வைத்தது என் கை. போன் போட்டது நான். அந்த மனிதர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார். வினைச்சொற்கள் அங்கே இங்கே முட்டிக்கொண்டன. முட்டினால் முட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

திரையில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தலைமை நர்ஸம்மா விரல் முட்டியை மடக்கி மேஜையில் டக் டக் டக் என்று தட்டினார். ஞானசௌந்தரிக்குப் பகீர் என்றது. போச்சு, அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்தாள். நிலோஃபர் ஓரத்திலிருந்து பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். அங்கே அப்படித் தட்டினால் கைதட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

“ஷ்வெஸ்டர் ஞானசௌந்தரி,” என்றார் அந்த அம்மா. பெயர் கரடுமுரடாக வந்தது, ஆனால் ஒரு எழுத்தைக்கூட விடாமல் முழுசாகச் சொன்னார். “எங்கள் வார்டுக்கு உங்களால் எப்போது வர முடியும்?”

மாடிப்படியில் எழுந்த கூச்சலில் டயர் கடைக்காரர் பயந்துபோய் மேலே ஓடி வந்தார். அவருக்கும் ஒரு லட்டு கிடைத்தது. பிரசன்னகுமாரி தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள், ‘எங்க சிஸ்டர், எங்க சிஸ்டர்’ என்று.

எல்லாரும் இறங்கிப் போன பிறகும் ஞானசௌந்தரி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். நிலோஃபர் மடிக்கணினியை மூடி ஒயரைச் சுருட்டினாள்.

“மிஸ்.”

“சொல்லுங்கக்கா.”

“நான் பேசினதுல கொஞ்சம் தலைக்கனம் தெரிஞ்சுதோ?”

“நல்லாவே தெரிஞ்சுதுக்கா,” என்றாள் குரு. “அதை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னுதான் எட்டு மாசமா நான் தேடிக்கிட்டிருந்தேன்.”